தாய்ச்சுங் பட்டறைகளுக்குப் போகிறவர்களுக்கு

தைவானுக்கு மெஷின் வாங்கப் போகிறவர் செய்யும் முதல் வீண்செலவு தைபேயில் ஓட்டல் அறை எடுப்பது. தலைநகரம் அழகானதுதான். டிம்டோஸ் என்னும் மெஷின் கண்காட்சி நடக்கும் வாரமென்றால் அங்கே தங்கித்தான் ஆக வேண்டும். ஒற்றைப்படை ஆண்டுகளில் மார்ச் வாக்கில் அது வரும். மற்ற நாட்களில் நீங்கள் பார்க்க வேண்டியவர்கள் அங்கே இல்லை. சுமார் 160 கிலோமீட்டர் தெற்கே, தாய்ச்சுங்கில், நெல்வயலுக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே தகரக்கூரை போட்ட கட்டடங்களில் இருக்கிறார்கள். தாவோயுவான் விமான நிலையத்தில் இறங்கியதும் மெட்ரோ பிடித்து அதிவேக ரயில் நிலையத்துக்குப் போய்விடுங்கள். அங்கிருந்து தாய்ச்சுங் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. 2007இல் ஓடத் தொடங்கிய ரயில் அது; அது சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பதைப் பார்த்துவிட்டு நீங்கள் தாமதமாகப் போய் நிற்க முடியாது. ஒன்று மட்டும் கவனம்: அதிவேக ரயில் நிற்கும் தாய்ச்சுங் நிலையம் ஊருக்கு வெளியே வூரி என்ற பகுதியில் இருக்கிறது. பழைய ரயில் நிலையம் வேறு. டாக்சிக்காரரிடம் எந்த நிலையம் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

நான் கோயம்புத்தூரில், கம்ப்யூட்டர் கட்டளைப்படி உலோகத்தை வெட்டும் தைவான் சி.என்.சி. மெஷின்களையும் உதிரிபாகங்களையும் தருவித்து விற்கிறேன். சர்வீஸ் என் கணவரின் பொறுப்பு. வாங்குவது, பேரம் பேசுவது, பணம் அனுப்புவது என்னுடையது. தைவான் என்றதும் நம் ஊரில் எல்லோரும் சிப் பேசுகிறார்கள். ஷின்ச்சு அறிவியல் பூங்கா 1980இல் வந்தது, டி.எஸ்.எம்.சி. 1987இல் தொடங்கியது, உலகமே அதை நம்பி நிற்கிறது, எல்லாம் உண்மை. ஆனால் அந்த நாட்டு நிறுவனங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேல் சிறு, நடுத்தர நிறுவனங்கள். நாம் கைகுலுக்கப் போவது அவர்களோடுதான். பெரிய கம்பெனி நடைமுறைகளைச் சொல்லும் வழிகாட்டிகள் ஆங்கிலத்தில் நிறைய இருக்கின்றன. பட்டறைக்குள் எப்படி நடந்துகொள்வது என்று யாரும் எழுதுவதில்லை.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள். தாடு மலையை ஒட்டி அறுபது கிலோமீட்டர் நீளத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட துல்லிய இயந்திர நிறுவனங்கள் வரிசையாக இருக்கின்றன. ஒருவர் ஸ்பிண்டில் எனும் சுழலும் தண்டு மட்டும் செய்வார். அடுத்த தெருக்காரர் வெட்டுக்கருவிகளை அடுக்கிவைக்கும் டூல் மேகசின். இன்னொருவர் ஷீட் மெட்டல் மூடிகள். நீங்கள் வாங்கும் மெஷினில் பெயர்ப்பலகை ஒருவருடையது. உள்ளே இருப்பவை முப்பது அக்கம்பக்கத்தாருடையவை. 1970களில் வீட்டுக்கூடத்தையே தொழிற்சாலையாக்குங்கள் என்று அரசே ஊக்குவித்த நாடு இது. அன்று கூடத்தில் உட்கார்ந்து பாகம் கோத்த குடும்பங்களில் பலவும் இன்று ஏற்றுமதி செய்கின்றன. இதில் உங்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. காலையில் ஒருவரிடம் சொன்ன விலையை மாலையில் அவருடைய போட்டியாளரிடம் குறைத்துச் சொல்லாதீர்கள். இருவரும் ஒரே வார்ப்படக்காரரிடம் வாங்குகிறவர்கள், ஒரே கோயில் கமிட்டியில் இருப்பவர்கள். உங்கள் பேச்சு உங்களுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

தேநீர் மேசை

அலுவலகத்துக்குள் நுழைந்ததும் ஒரு மரமேசை இருக்கும். அதிலேயே தண்ணீர் வடியும் பள்ளம், சின்னஞ்சிறு கிண்ணங்கள், கொதிக்கும் கெட்டில். முதலாளி எதிரே உட்கார்ந்து தன் கையாலேயே மலைப்பகுதி ஊலாங் தேநீர் ஊற்றுவார். அதற்கு முன் விசிட்டிங் கார்டு. இரண்டு கைகளாலும் கொடுங்கள், இரண்டு கைகளாலும் வாங்குங்கள், வாங்கியதை ஒருமுறை படியுங்கள், பிறகு எதிரில் மேசைமேல் வையுங்கள். பின்பாக்கெட்டில் செருகிவிட்டு அதன்மேல் உட்காரும் நம் ஆண்களைப் பார்த்து நான் கண்ணை மூடிக்கொண்டதுண்டு.

பெயரில் குடும்பப்பெயர் முன்னால் வரும். சென், லின் இரண்டும் அங்கே மிகப் பரவலானவை. ஒரே அறையில் மூன்று சென்கள் இருக்கலாம். அதனால் பதவியைச் சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள்: லின் மேனேஜர், சென் சேர்மன் என்கிற பாணி. முதலாளியை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம். இளைஞர்கள் கெவின், ஜெர்ரி, ஏமி என்று ஓர் ஆங்கிலப் பெயர் வைத்துக்கொண்டிருப்பார்கள். அது உங்கள் வசதிக்காக, தயங்காமல் பயன்படுத்துங்கள். தொடர்பு எல்லாம் லைன் செயலியில்தான். விமானம் ஏறும் முன்பே அதைப் போனில் போட்டுவையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியதை அவர்கள் எப்போது பார்ப்பார்கள் என்பது தெய்வத்துக்கே வெளிச்சம்.

முதல் கெட்டில் தீரும் வரை விலை பேசாதீர்கள். பயணம், பிள்ளைகள், கோயம்புத்தூர் வெயில், எதுவும் பேசலாம். சீனாவைப் பற்றிய அரசியலை நீங்களாகத் தொடங்காதீர்கள். 1895 முதல் 1945 வரை ஜப்பான் ஆட்சி, 1949இல் சீனப் பெருநிலத்திலிருந்து வந்த கோமிண்டாங் அரசு, 1987 வரை ராணுவச் சட்டம், 1996இல்தான் முதல் நேரடி அதிபர் தேர்தல். ஒரே குடும்பத்துக்குள்ளேயே தாத்தாவுக்கும் பேரனுக்கும் இதில் கருத்து ஒத்துப்போகாது. அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், சுவையாக இருக்கும். ஆவணங்களில் மட்டும் கவனமாக இருங்கள்: முகவரியில் தைவான் என்று எழுதுங்கள், சீனாவின் மாகாணம் போலக் காட்டும் எந்தச் சொல்லும் வேண்டாம். நம் நாட்டுக்கு அங்கே தூதரகம் இல்லை. 1995 முதல் இந்திய தைபே சங்கம் அந்த வேலையைச் செய்கிறது. விசாவுக்குச் சென்னையிலேயே தைபே பொருளாதார, பண்பாட்டு மையம் 2012 முதல் இருக்கிறது. டெல்லிக்கு அலைய வேண்டியதில்லை.

இனி முக்கியமான ஆள். தேநீர் ஊற்றுபவர் முதலாளி. கணக்குப் புத்தகம் அவருடைய மனைவியிடம். உள்ளறையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாளை எல்லோரும் லாவ்பான்நியாங் என்பார்கள், அதாவது முதலாளியம்மா. காசோலை, சம்பளம், கப்பல் ஏற்றுமதிக் காகிதம், எல்.சி. என்னும் வங்கி உறுதிக் கடிதத்தில் ஒரு எழுத்துப் பிசகினாலும் கண்டுபிடிப்பது, எல்லாம் அவர். கணவர் உற்சாகத்தில் சொன்ன தள்ளுபடியை இரவோடு இரவாக ரத்து செய்யும் அதிகாரமும் அவருக்கு உண்டு. ஆகவே அவரைப் பார்க்காமல், இரண்டு வார்த்தை பேசாமல் கிளம்பாதீர்கள். நான் பார்த்தவரை முப்பது சதவீதம் முன்பணம், மீதி கப்பல் ஏறும் முன் என்பதுதான் வழக்கமான ஏற்பாடு. பணம் அனுப்பியதும் வங்கிச் சீட்டைப் படமெடுத்து லைனில் அவருக்கே நேராக அனுப்புங்கள். ஒரு நாள் தாமதமாகும் என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். தாமதத்தை அவர்கள் பொறுப்பார்கள். மௌனத்தைப் பொறுப்பதில்லை. அடுத்த ஆர்டரில் முன்பணம் ஐம்பது சதவீதமாகியிருக்கும், காரணம் சொல்லமாட்டார்கள்.

முடியாது என்பதை எப்படி அறிவது

நேராக முடியாது என்று சொல்வது அங்கே முரட்டுத்தனம். ‘கொஞ்சம் சிரமம்’ என்றால் முடியாது. ‘ஆராய்ந்து பார்க்கிறோம்’ என்றால் பெரும்பாலும் முடியாது. பல்லிடுக்கில் காற்றை உள்ளிழுத்து ஒரு சத்தம் வந்தால் அந்தக் கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். தலையசைப்பு சம்மதம் அல்ல, காதில் விழுந்தது என்பதற்கான அடையாளம். இதை ஏமாற்று என்று எடுத்துக்கொள்ளும் நம்மவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நாமும் ‘பார்க்கலாம்’ என்று சொல்லித்தானே அனுப்புகிறோம்.

ஆகவே வாய்ப்பேச்சில் உறுதி வாங்காதீர்கள். வரைபடத்தில் வாங்குங்கள். போவதற்கு இரண்டு வாரம் முன்பே கேள்விகளை எண் போட்டு, படத்தோடு, எளிய ஆங்கிலத்தில் அனுப்பிவிடுங்கள். நேரில் ஆங்கிலம் பேசத் தயங்குகிறவர்கள் எழுத்தில் துல்லியமாகப் பதில் தருவார்கள். உங்கள் ஆர்டருக்கான மாதிரிப் பாகத்தின் மூலப்பொருளைக் கையோடு கொண்டுபோய் அங்கேயே வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். அது அவர்களுக்கு அவமானம் இல்லை, பெருமை. முதலாளியே சட்டைக் கையை மடித்துக்கொண்டு மெஷின் முன் நிற்பார். குறை தென்பட்டால் இளம் இன்ஜினியரைப் பலர் முன்னிலையில் கேள்வி கேட்காதீர்கள். தனியாக, மெஷின் பக்கத்தில், அளவுகோலைக் காட்டிப் பேசுங்கள். மறுநாள் காலை வந்து பார்த்தால் சரியாகியிருக்கும். இரவு பதினொரு மணி வரை யாரோ உட்கார்ந்திருப்பார்கள்.

மெஷினை அங்கே ஓட்டிப் பார்த்துத் திருப்தி அடைகிறவர்கள் மறப்பது மின்சாரத்தை. தைவானில் 60 ஹெர்ட்ஸ்; பட்டறைகளில் மூன்று ஃபேஸ் 220 வோல்ட் பரவலாக இருக்கும். நம்முடையது 50 ஹெர்ட்ஸ், 415 வோல்ட். டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. ஸ்பிண்டிலும் ஆக்சிஸ் மோட்டார்களும், வேகத்தைத் தானே கட்டுப்படுத்தும் டிரைவ் வழியாக ஓடுவதால் அவற்றுக்குக் கவலை இல்லை. வெட்டும் இடத்தைக் குளிர்விக்கும் கூலன்ட் பம்ப், ஹைட்ராலிக் மோட்டார் போல நேரடியாக லைனில் ஓடுபவை இங்கே ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து சுற்றும். அங்கே பார்த்த கூலன்ட் அழுத்தம் இங்கே வராது. இந்திய மின்சாரத்துக்கு ஏற்ற மோட்டார், பம்ப் என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். சுற்றுலா பற்றிய பத்துப் புத்தகங்களைவிட இந்த ஒரு வரி உங்களுக்குக் காசு மிச்சம் செய்யும்.

நாட்காட்டி

டெலிவரித் தேதி குறிக்கும்போது ஆங்கில மாதத்தை மட்டும் பார்த்தால் போதாது. சந்திரப் புத்தாண்டு ஜனவரி கடைசிக்கும் பிப்ரவரி மூன்றாம் வாரத்துக்கும் நடுவில் ஏதாவது ஒரு நாளில் வரும். விடுமுறை என்னவோ ஒரு வாரத்துக்குச் சற்று மேல்தான். ஆனால் அதற்கு முன் இரண்டு வாரம் எல்லாப் பட்டறைகளிலும் ஆர்டர் நெரிசல், கன்டெய்னர் தட்டுப்பாடு. அந்த நேரத்துக்குச் சற்று முன்பு வெய்யா என்னும் ஆண்டிறுதி விருந்து நடக்கும். ஊழியர்களுக்கு முதலாளி கொடுப்பது. குலுக்கல் பரிசு, பாட்டு, மது, எல்லாம் உண்டு. கோழித்தலை யாரை நோக்கி வைக்கப்படுகிறதோ அவருக்கு வேலை போகும் என்பது பழைய வழக்கம். இன்று அது வேடிக்கைப் பேச்சு, இருந்தாலும் தட்டில் தலை இல்லாமல் பார்த்துக்கொள்கிறார்கள். உங்களை வெய்யாவுக்கு அழைத்தால் வேறு எந்த வேலையையும் தள்ளிவைத்துவிட்டுப் போங்கள். அதன்பிறகு உங்கள் ஈமெயிலுக்குப் பதில் வரும் வேகமே வேறு.

சந்திர நாட்காட்டியின் ஏழாவது மாதம், ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில், ஆவிகளின் மாதம். வீடு வாங்குவதையும் புதிய பொருளை அறிமுகம் செய்வதையும் பலர் தள்ளிப்போடுவார்கள். பன்னாட்டுக் கம்பெனிகள்கூட வாசலில் மேசை போட்டு பிஸ்கட், நூடுல்ஸ், குளிர்பானம் படைத்து ஊதுபத்தி ஏற்றும். புது ஒப்பந்தக் கையெழுத்தை அந்த மாதத்தில் வைக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். வசந்தத்தில் போகிறவர்களுக்கு மாறாக ஒரு பாக்கியம். தாய்ச்சுங்கின் தாஜியா பகுதியிலுள்ள ஜென்லான் கோயிலிலிருந்து கடல் தேவதை மாஸுவின் பல்லக்கு ஒன்பது பகல் எட்டு இரவுகளில் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போய்த் திரும்பும். சந்திர மூன்றாம் மாதம். வழிநெடுகிலும் சாப்பாடு, தண்ணீர் இலவசம். நாம் பேரம் பேசிய அதே முதலாளி தொப்பியும் கொடியுமாக அதில் நடந்துகொண்டிருப்பார். ஒரு மாலையாவது கூட நடந்து பாருங்கள்.

காகிதங்களில் இன்னொரு சங்கதி. அங்கே ஆண்டுக் கணக்கு 1912இல் தொடங்குகிறது. உள்ளூர் ரசீதில் 114 என்றிருந்தால் 1911ஐக் கூட்டி 2025 என்று படியுங்கள். பிஸ்கட் பொட்டலத்திலும் அப்படி வரலாம். பழையது என்று தூக்கிப்போடாதீர்கள். கடைகளில் கொடுக்கும் ரசீதையும் எறியாதீர்கள். அது ஒரு லாட்டரிச் சீட்டு. கடைக்காரர் விற்பனையை மறைக்காமலிருக்க 1951இல் கொண்டுவந்த யோசனை; வாடிக்கையாளரே ரசீது கேட்டு வாங்கிவிடுவார் அல்லவா. ஒற்றைப்படை மாதங்களில் 25ஆம் தேதி குலுக்கல், பெரிய பரிசு ஒரு கோடி தைவான் டாலர், வெளிநாட்டவருக்கும் உண்டு. நம் வணிகவரித் துறை யோசிக்க வேண்டிய விஷயம் என்று எனக்குத் தோன்றும்.

சாப்பாடு

நான் சைவம். தைவானில் சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் அங்கே போகாதவர்கள். பௌத்தத்தாலும் ஈகுவாந்தாவ் சமயத்தாலும் அங்கே சைவ உணவு பெரிய வழக்கம். பலர் சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் மட்டுமாவது சைவம். பலகையில் ஸ்வஸ்திகச் சின்னம் இருந்தால் அது சைவக் கடை. நம்முடையதற்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். தட்டில் வேண்டியதை எடுத்து எடை போட்டுக் காசு கொடுக்கும் சைவக் கடைகள் தாய்ச்சுங்கில் மூலைக்கு மூலை உண்டு. ‘வோ ச்சி சூ’, நான் சைவம், இந்த மூன்று சொற்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

ஆனால் அவர்கள் சைவம் வேறு கணக்கு. பௌத்த சைவத்தில் வெங்காயம், பூண்டு கிடையாது. சிலருக்கு முட்டை உண்டு. பொட்டலங்களில் முழுச்சைவம், முட்டைச் சைவம், பால் சைவம், முட்டை பால் சைவம், வெங்காயம் பூண்டு சேர்ந்த சைவம் என்று ஐந்து வகையாக அச்சிட்டிருப்பார்கள். ஆகவே முட்டை வேண்டாமென்றால் தனியாகச் சொல்லுங்கள். சாதாரணக் கடையில் காய்கறி நூடுல்ஸ் கேட்டால் எலும்புச் சாற்றில்தான் வரும். கீரை வதக்கல் பன்றிக் கொழுப்பில் இருக்கலாம். அவசரத்துக்கு 7-இலெவன், ஃபேமிலி மார்ட்டில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு கிடைக்கும். அங்கேயே அதிவேக ரயில் டிக்கெட், பிரிண்ட், பார்சல் எல்லாம் முடித்துக்கொள்ளலாம்.

விருந்தில் வட்டமேசை. எங்கே உட்கார வேண்டும் என்று அவர்கள் காட்டும் வரை நில்லுங்கள். சாப்ஸ்டிக்கைச் சோற்றில் நட்டுவைக்காதீர்கள், அது இறந்தவர்களுக்குப் படைக்கும் முறை. கின்மென் தீவின் காவ்லியாங் மது வந்தால் பார்த்துக்கொள்ளுங்கள், 58 சதவீதம். குடிக்காதவர்கள் தேநீர்க் கிண்ணத்தை இரு கைகளால் உயர்த்தினால் போதும். நான் இன்றுவரை அப்படித்தான், யாரும் முகம் சுளித்ததில்லை. கிண்ணத்தை உயர்த்தாமல் இருப்பதுதான் தவறு. பில்லுக்கு ஒருமுறை சண்டை போடுங்கள், தோற்றுவிடுங்கள். டிப்ஸ் கிடையாது.

பரிசாகச் சுவர்க்கடிகாரம் கொண்டுபோகவே கூடாது. கம்பெனி பெயர் அச்சிட்ட கடிகாரம் நம் ஊர் வழக்கம் என்பதால் சொல்கிறேன். அங்கே அது இறுதிச் சடங்கை நினைவூட்டும். கத்தி, கத்திரிக்கோல், குடை, செருப்பும் வேண்டாம். நம் இனிப்புகள் அவர்களுக்குத் திகட்டும். அவ்வளவாக இனிக்கவில்லை என்பதுதான் அங்கே இனிப்புக்குக் கிடைக்கும் பாராட்டு. நல்ல பெரிய முந்திரி கொண்டுபோங்கள். இறைச்சிப் பொருள், பழம் எதுவும் பெட்டியில் இருக்கக் கூடாது; பன்றி இறைச்சிக்கு இரண்டு லட்சம் தைவான் டாலர் வரை முதல் முறையே அபராதம்.

பயிற்சிக்காகச் சில மாதம் தங்கும் பையன்களுக்கு: குப்பை வண்டி பீத்தோவன் இசை போட்டுக்கொண்டு வரும், அப்போது பையோடு கீழே நிற்க வேண்டும், தெருவில் தொட்டி தேடாதீர்கள். மெட்ரோவில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. பகல் பன்னிரண்டரைக்கு அலுவலகத்தில் விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் மேசையில் தலைவைத்துத் தூங்குவார்கள். போனை அமைதியில் போட்டுவிட்டு நீங்களும் தூங்குங்கள். நிலநடுக்க எச்சரிக்கை போனில் அலறினால் ஓடாதீர்கள், மேசைக்கடியில் போங்கள். ஆட்களைப் பார்த்து என்ன செய்கிறார்களோ அதையே செய்தால் பாதி வேலை முடிந்தது.

மெஷின் இங்கே வந்த பிறகு பொருத்த அவர்கள் இன்ஜினியர் வருவார். அவருக்குக் காரமில்லாத சாப்பாடு, வெந்நீர், கொய்யாப்பழம், மதியம் அரைமணித் தூக்கம் ஏற்பாடு செய்யுங்கள். வேலை முடித்துவிட்டுப் பச்சை நிறப் பொட்டலம் ஒன்றைக் கன்ட்ரோல் பெட்டியின் மேல் வைப்பார். குவாய் குவாய் என்ற தேங்காய் மணமுள்ள சோளப்பொரி. சொன்னபடி கேள் என்று மெஷினுக்குச் சொல்வதாம். நம் ஆயுதபூஜைப் பொரியைப் போலத்தான். பச்சைதான் வைக்க வேண்டும், மஞ்சளும் சிவப்பும் ஆகாது. மெஷினில் எரியும் விளக்கின் நிறத்தை நினைத்தால் ஏன் என்று புரியும். ஆபரேட்டர் பையன்கள் பிரித்துத் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலாவதித் தேதி தாண்டினால் பலன் போய்விடும் என்பதால், அடுத்த உதிரிபாக ஆர்டரோடு புதிதாக ஒன்று அனுப்பச் சொல்லி முதலாளியம்மாவுக்கு லைனில் எழுதுங்கள். அதற்கு மட்டும் அவர் பில் போடமாட்டார்.